கொடைக்கானல் விடுமுறையில் குடும்பத்தோடு ஜிக்சா பஸில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கியவர்களுக்குத் தெரியும். காலை பளிச்சென்று இருக்கும், மதியச் சாப்பாடு முடிவதற்குள் மேகம் இறங்கிவிடும். ஏரிச் சாலையில் வண்டி நகராது. மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மதியங்களுக்காகவே எங்கள் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஜிக்சா பஸிலை, அதாவது துண்டு துண்டாக வெட்டிய படத்தை மறுபடி பொருத்தும் விளையாட்டை, எடுத்துப்போகிறது. இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களும் நண்பர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊட்டி, ஏற்காடு, சொந்த ஊர் என்று நீங்கள் எங்கே போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

சீட்டு, கேரம், செஸ் எல்லாம் இருக்கும்போது பஸில் எதற்கு?

அவையும் இருக்கட்டும், நாங்களும் ஆடுகிறோம். ஆனால் கேரமுக்கு நான்கு பேர்தான், ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்க்க வேண்டும். சீட்டாட்டத்தில் பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். பஸிலுக்கு இந்த ஆள் கணக்கு கிடையாது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வரும் அத்தை, மூன்று விசில் வருவதற்குள் இரண்டு துண்டைப் பொருத்திவிட்டுப் போகலாம். அவர் போனதால் ஆட்டம் நிற்காது, திரும்பி வந்தால் அவருக்கு இடமும் இருக்கும்.

இன்னொரு காரணம் பேச்சு. எல்லோருடைய கண்ணும் மேசையில் இருக்கும்போது, நேருக்கு நேர் சொல்ல முடியாத விஷயங்கள் தானாக வெளியே வரும். என் அண்ணன் மகன் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருந்த கோடையில், யாரும் அவனிடம் படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று அண்ணி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவனே ஒரு மதியம், ஓட்டுக்கூரையின் சிவப்புத் துண்டைத் தேடிக்கொண்டே, தனக்கு இன்ஜினியரிங் வேண்டாம் என்று தாத்தாவிடம் சொன்னான். தாத்தா, அதாவது என் அப்பா, தலையை நிமிர்த்தவில்லை. "அப்புறம் என்னடா படிக்கப் போறே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த துண்டைக் கையில் எடுத்தார். சோபாவில் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அது விசாரணையாகியிருக்கும். அன்று அரை மணி நேரம் இருவரும் நிதானமாகப் பேசினார்கள்.

எத்தனை துண்டு கொண்ட பஸில் வாங்கலாம்?

மூன்று நான்கு நாள் தங்கல், பெரியவர்களும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுமாக ஐந்தாறு பேர் என்றால் 500 துண்டு போதும். ஒரு வாரம் தங்கினால் 1000. முதல் தடவையே 2000 துண்டு வாங்க வேண்டாம். ஊருக்குக் கிளம்பும் நாளில் பாதி வானம் மேசையில் சிதறிக் கிடந்தால் அடுத்த வருடம் யாரும் பஸில் பக்கமே வரமாட்டார்கள்.

அவசரமில்லாமல், வருபவர் வர, போகிறவர் போக என்று செய்தால், 500 துண்டு இரண்டு மதியங்களில் முடியும். 1000 துண்டு அதைப்போல இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கு நேரம் எடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தேட வேண்டிய குவியலும் பெரிதாகிவிடுகிறதல்லவா, அதனால்தான்.

இடத்தையும் யோசிக்க வேண்டும். 500 துண்டு பஸில் முடிந்த பிறகு ஏறத்தாழ 49 செ.மீ.க்கு 36 செ.மீ. வரும். 1000 துண்டு 70 செ.மீ.க்கு 50 செ.மீ. பொருத்தாத துண்டுகளைப் பரப்ப இன்னும் அவ்வளவு இடம் வேண்டும்.

எந்த மாதிரி படம் நல்லது?

எண்ணிக்கையை விட முக்கியமான கேள்வி இது. கடைகளில் அழகாகத் தெரிவது பனிமலை, நீலக்கடல், சூரிய அஸ்தமனம். இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நீலக்கடலில் ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. பொறுமை இருப்பவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் எழுந்துபோய்விடுவார்கள்.

குடும்பத்துக்கு ஏற்றது, படத்தைப் பல பேட்டைகளாகப் பிரித்துக்கொள்ள முடிகிற படம். கடைத்தெரு, புத்தக அலமாரி, பழைய விளம்பரங்களின் தொகுப்பு, பூச்சந்தை, உலக வரைபடம் போன்றவை. "நான் பூக்கடை, நீ சைக்கிள்" என்று ஆளுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். படத்தில் எழுத்துகள் இருந்தால் இன்னும் நல்லது, எழுத்து இருக்கும் துண்டைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? விலை கூடியதுதான் வாங்க வேண்டுமா?

இந்தியத் தயாரிப்புகள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பெட்டிகள் ஆயிரத்தைத் தாண்டும். ஜெர்மனியின் ராவென்ஸ்பர்கர் நிறுவனம் 1883-இல் புத்தகப் பதிப்பகமாகத் தொடங்கி 1964 முதல் பஸில் தயாரிக்கிறது. அவர்களுடைய அட்டை தடிமனாக இருக்கும், துண்டுகள் இறுக்கமாகப் பிடிக்கும். அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஆனால் மிக மலிவானதில் ஒரு குறை அடிக்கடி வரும்: தவறான துண்டும் சரியாகப் பொருந்திவிடுவதுபோலத் தெரியும்.

பொருத்தம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு துண்டையும் சேர்த்ததும் இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சரியான ஜோடியில் நகம் எங்கும் தட்டாது. பிறகு ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே காட்டுங்கள். மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் அது தவறான ஜோடி.

எங்கே விரித்து வைப்பது?

எல்லோரும் நடமாடும் கூடத்தில்தான். ஓர் அறைக்குள் வைத்துவிட்டால் அந்த அறைக்காரருடைய பஸில் ஆகிவிடும். சாப்பாட்டு மேசையும் வேண்டாம், வேளாவேளைக்கு அள்ள வேண்டிவரும்.

வாடகை வீட்டில் மேசை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பலகை நம்முடையதாக இருப்பது நல்லது. பேனர் அடிக்கும் கடைகளில் சன்போர்டு (ஃபோம் பலகை) என்று கேட்டால் 5 மி.மீ. தடிமனில் இரண்டரை அடிக்கு இரண்டடி வெட்டித் தருவார்கள். எடை இல்லை, கார் டிக்கியில் பெட்டிகளுக்கு மேலே படுக்க வைக்கலாம். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். இரவில் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கோரைப்பாய் மட்டும் வேண்டாம், அதன் வரிகளில் துண்டுகள் ஆடும்.

பிள்ளைகளின் பரீட்சை அட்டைகள் வீட்டில் சும்மா கிடந்தால் அவற்றையும் எடுத்துப்போங்கள். ஆளுக்கு ஓர் அட்டை. தன் பகுதியை மடியில் வைத்து அதில் செய்துவிட்டு, முடிந்ததும் பெரிய பலகைக்குச் சரித்து நகர்த்தலாம். முட்டி வலியால் குனிய முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய வசதி.

எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியைத் திறந்ததும் துண்டுகளை ஒரு சல்லடையில் போட்டு வீட்டுக்கு வெளியே நன்றாகக் குலுக்குங்கள். அட்டைத் தூள் எவ்வளவு உதிரும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தத் தூள் இணைப்புகளில் சிக்கினால் துண்டு அழுந்தி உட்காராது.

அப்புறம் எல்லாத் துண்டையும் படப்பக்கம் மேலே வரும்படி திருப்ப வேண்டும். இது சலிப்பான வேலை என்று நினைப்பீர்கள், ஆனால் இதில்தான் வீட்டின் மூத்தவர்கள் ஜொலிப்பார்கள். முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குவது போல என் அம்மாவின் விரல் நேராக ஓரத்துண்டுக்குப் போய் நிற்கும். மற்றவர்கள் கண்ணால் பார்த்து முடிப்பதற்குள் அவர் நான்கு மூலைகளையும் எடுத்து வைத்திருப்பார்.

முதலில் ஓரங்கள். 1000 என்று போட்டிருக்கும் பெட்டிகள் பலவற்றில் உண்மையில் 38 வரிசைக்கு 27 வரிசை என 1026 துண்டுகள் இருக்கும். அதில் ஓரத்துண்டுகள் 126, அதாவது எட்டில் ஒரு பங்கு. அந்தச் சட்டம் அமைந்துவிட்டால் படம் எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் பிடிபடும். ஒன்றிரண்டு ஓரங்கள் கிடைக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டாம், இடைவெளி விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்து நிறம். இனிப்புக் கடை அட்டைப் பெட்டிகளின் மூடிகள் இதற்கு மிக வசதி. சிவப்பெல்லாம் ஒரு மூடி, எழுத்தெல்லாம் ஒரு மூடி, முகங்கள் ஒரு மூடி.

நிறம் கைகொடுக்காத இடத்துக்கு வடிவம். எங்கள் வீட்டில் துடுப்பாக நீட்டிக்கொண்டிருப்பதைக் காது என்போம், உள்வாங்கியிருப்பதைக் குழி என்போம். கட்டம் கட்டமாக வெட்டிய பஸிலில் உள்துண்டுகள் ஆறே வகைதான்: நான்கும் காது, மூன்று காது, எதிரெதிரே இரண்டு காது, அடுத்தடுத்து இரண்டு காது, ஒரே காது, நான்கும் குழி. மிச்சமிருக்கும் வானத்தை இந்த ஆறு வகையாக அடுக்கிவிட்டால், எந்த ஓட்டைக்கு எந்த வரிசையில் கை வைக்க வேண்டும் என்பது உடனே தெரியும்.

இரவில் செய்தால் கண் வலிக்கிறதே?

வாடகை வீடுகளில் மஞ்சள் பல்புதான் அதிகம். மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கரும்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நிறம் பிரிக்கும் வேலையைப் பகலில் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, இரவில் வடிவம் பார்க்கும் வேலையைச் செய்யுங்கள். ஒரு மேசை விளக்கும் வெள்ளை எல்இடி பல்பும் எடுத்துப்போவது உத்தமம். நேர் மேலிருந்து வரும் வெளிச்சம் அட்டையின் பளபளப்பில் பட்டுக் கண்ணைக் கூசும், அதனால் விளக்கைச் சற்றுச் சாய்வாக வையுங்கள்.

சின்னக் குழந்தைகள் கலைத்துவிடுவார்களே?

அவர்களுக்கென்று தனியாக ஒரு பஸில், அதே மேசைக்குப் பக்கத்தில். மூன்று நான்கு வயதுக்கு 12 முதல் 24 துண்டு, ஆறு வயதுக்கு 100 பெரிய துண்டு, எட்டு ஒன்பது வயதுக்கு 200 அல்லது 300. குழந்தை தன்னுடையதை முடித்ததும் பெரியவர்கள் எல்லோரும் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும், அது கட்டாயம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் சின்னத் துண்டுகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவுதான் அவை.

தமிழ்நாட்டு மாவட்ட வரைபட பஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தேர்வு. வாங்கும்போது 38 மாவட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2019-க்கு முன் வந்தவற்றில் 32 தான் இருக்கும். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் அந்த வருடம் பிரிந்தவை, மயிலாடுதுறை 2020-இல் வந்தது. பழைய பஸில் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். திருநெல்வேலித் துண்டை எடுத்து, இதில் எந்தப் பக்கம் தென்காசி என்று பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள்.

ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகிறார். என்ன செய்வது?

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. எல்லோரும் தூங்கிய பிறகு பதினொரு மணிக்கு எழுந்துவந்து கால்வாசியை முடித்துவிடுவார். காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தால் முகம் வாடிவிடும். இதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் ஏற்பாடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக யாரும் பொருத்தக் கூடாது, வேண்டுமானால் துண்டுகளைப் பிரித்து அடுக்கலாம். மாமா இப்போது அதைத்தான் செய்கிறார். காலையில் வரும் எல்லோருக்கும் வேலை சுலபமாகிறது, அவருக்கும் நிறைவு.

இன்னொன்று: பக்கத்தில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் துண்டு உங்கள் கண்ணில் பட்டால் நீங்களே வைக்காதீர்கள். எடுத்து அவர் கையில் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் சண்டையில் பாதி குறையும்.

பெட்டியின் படத்தைப் பார்த்துச் செய்யலாமா?

தாராளமாக. பார்க்காமல் செய்வது தனியாகச் செய்பவர்களின் சவால். குடும்பத்தில் ஒரே பெட்டிக்கு ஆறு பேர் அடித்துக்கொள்வார்கள் என்பதால் படத்தைப் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கவும் முடியும்.

பஜ்ஜி, காபி, மேகம், குரங்கு?

கொடைக்கானலில் இந்த நான்குமே கவலைக்குரியவைதான்.

எண்ணெய்க் கை பட்ட அட்டையில் கறை போகவே போகாது. பஜ்ஜியைத் திண்ணையில் தின்றுவிட்டு, கை கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். காபி டபரா பலகைக்குச் சமமான உயரத்தில் இருக்கக் கூடாது. கீழே ஒரு முக்காலி போட்டு அதில் வையுங்கள், கொட்டினாலும் தரையோடு போகும்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள ஊர் அது, மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். அட்டை ஈரம் இழுத்து உப்பினால் துண்டுகள் குழிக்குள் இறங்க அடம்பிடிக்கும். வலுக்கட்டாயமாக அழுத்தினால் மேல்தாள் உரிந்துவிடும். மாலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, இரவில் பலகை மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மூடி வையுங்கள். உப்பிய துண்டுகள் ஒருநாள் வறண்ட அறையில் இருந்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். அடுப்புப் பக்கம் காட்ட வேண்டாம், வளைந்துவிடும்.

குரங்கு பஸிலுக்காக வராது, பக்கத்தில் இருக்கும் முறுக்குத் தட்டுக்காக வரும். வந்தால் மேசையையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டுப் போகும். திறந்த ஜன்னலுக்கு அருகே தின்பண்டமும் பஸிலும் சேர்ந்து இருக்கக் கூடாது.

இரண்டு அணியாகப் போட்டி வைக்கலாமா?

வைக்கலாம், அதற்கென்று தனியாக இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கிக்கொண்டு. உலக ஜிக்சா போட்டி 2019 முதல் ஸ்பெயினின் வய்யாதொலித் நகரில் நடக்கிறது. தனிநபர் பிரிவில் 500 துண்டு, அதை நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் காணொளியைக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் கூடத்தில் விரித்திருக்கும் பொது பஸிலில் கடிகாரம் வைப்பதை நான் விரும்பவில்லை. கடிகாரம் வந்ததும் மெதுவாகச் செய்பவர்கள் விலகிவிடுகிறார்கள். என் அம்மாவும் ஏழு வயதுப் பிள்ளையும் அந்த மெதுவானவர்கள்தான், அவர்கள் இல்லாமல் நாங்கள் அதை விரித்து என்ன பயன்?

இதை யார் கண்டுபிடித்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக் கலைஞர், வரைபடத்தை மெல்லிய மஹோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே அறுத்து விற்றார். பூகோளம் கற்பிக்கத்தான். நம் கடைகளில் விற்கும் மாநில, மாவட்ட வரைபட பஸில்கள் அந்த வழியில் வந்தவையே.

மரத்தில் ஒவ்வொன்றாக அறுத்ததால் வெகுகாலம் அது வசதியானவர்கள் பொருளாகவே இருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் அச்சு வைத்து அட்டையை ஒரே அழுத்தாக வெட்டத் தொடங்கினார்கள். விலை சில சென்டுகளுக்கு இறங்கியது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த குடும்பங்கள் வாங்கிக் குவித்தன, நூலகங்களும் மருந்துக்கடைகளும் வாடகைக்குக் கொடுத்தன. கையில் காசில்லாத காலத்தில் பல பேர் பல நாள் சேர்ந்து உட்கார ஒரு மலிவான காரணம் கிடைத்தது என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெரிய எண் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: 2011-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரப் பொருளாதாரப் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து செய்தது 5,51,232 துண்டுகள் கொண்ட பஸில்.

ஒரு துண்டு காணோம்!

முதலில் யாரும் பெருக்கக் கூடாது. பலகைக்கு அடியில், நாற்காலி மெத்தையின் இடுக்கில், ஸ்வெட்டர் கையில், பெட்டி மூடியின் மடிப்பில் பாருங்கள். கம்பளி உடைகளில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு படுக்கையறை வரை போவது சகஜம். எங்கள் வீட்டில் கடைசித் துண்டு எப்போதும் இளையவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டதால், ஒளித்து வைக்கும் பழக்கம் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் சட்டைப் பைகளையும் பாருங்கள்.

உண்மையாகவே தொலைந்திருந்தால் செய்துவிடலாம். ஓட்டையின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் விளிம்பு பதியும். அதே தடிமனுள்ள அட்டையில் அதை வெட்டி, பக்கத்துத் துண்டுகளைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொல்லுங்கள். படம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தத் துண்டுதான் எல்லோருக்கும் பிடித்த துண்டாகிவிடும்.

கிளம்பும் நாள் வந்துவிட்டது, முடியவில்லை.

அந்த இரண்டாவது சன்போர்டு இதற்குத்தான். மேலே வைத்து, நான்கு பக்கமும் துணி கிளிப்புகளைப் போட்டு இறுக்கி, டிக்கியில் படுக்க வையுங்கள். வத்தலகுண்டு வரைக்கும் வளைவு வளைவாக இறங்கினாலும் தாங்கும். டிக்கியில் இடம் இல்லையென்றால், சேர்ந்திருக்கும் பகுதிகளை உள்ளங்கை அளவுக்குப் பிரித்து, செய்தித்தாள் இடையில் வைத்து அடுக்குங்கள். நிறவாரியாகப் பிரித்த மூடிகளை மட்டும் கொட்டிக் கலக்காதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

முடித்ததை ஒட்டிச் சட்டம் போடலாமா?

போடலாம். வெள்ளை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பழைய ஏடிஎம் கார்டால் மெல்லியதாக இழுத்தால் காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அடியில் பிளாஸ்டிக் ஷீட் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேசையோடு ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் ஒட்டுவதில்லை. எல்லோரும் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பிள்ளைகளையே கலைக்கச் சொல்லிவிடுவோம். கலைக்கும்போது துண்டுகளைக் கவரில் போட்டு, யார் யார் செய்தது, எந்த வருடம், ஏதாவது துண்டு குறைகிறதா என்று பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி, அடுத்து விடுமுறைக்குப் போகும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். சித்தி வீட்டுக்குப் போன பெட்டி ஒன்று இப்போது மதுரையில் யாரிடமோ இருக்கிறது. அதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு பூச்சந்தை வந்திருக்கிறது, 1000 துண்டு, ஒரு துண்டு குறைவு என்று மூடியில் எழுதியிருக்கிறார்கள்.